தொப்புள்கொடி, குருத்தணு, மரபணு: தம்பதிகள் அறிய வேண்டியவை



கர்ப்பிணித் தாய்மார்கள் கூட்டத்தில் முன்பெல்லாம் வரும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். சத்து மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுத்துப் போகுமா, பப்பாளி தின்னலாமா, கிரகணத்தன்று வெளியே வரலாமா என்பார்கள். இப்போது கேள்விகள் மாறிவிட்டன. "சார், தொப்புள்கொடியை பேங்குல போட்டு வைக்கணுமாமே, நெசமா?" என்று ஒருத்தி கேட்கிறாள். "எங்க நாத்தனார் புள்ளைக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டா நடந்துடுவான்னு சொல்றாங்க" என்கிறாள் இன்னொருத்தி. "சொந்தத்துல கட்டிக்கினா ஜீன் கெட்டுப் போகுமா?" என்று கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் கணவன்மார் கேட்கிறார்கள்.

பப்பாளிக் கேள்விக்குத் தப்பான பதில் கிடைத்தால் ஒரு துண்டுப் பழத்தோடு போகும். இந்தக் கேள்விகளுக்குத் தப்பான பதில் கிடைத்தால் நகை போகும், படகு போகும். பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டிய காலமும் போய்விடும். ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரிந்தவர், தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

பத்திரமும் நகலும்

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும், இந்த உடலை எப்படிக் கட்டுவது, எப்படி நடத்துவது என்ற எழுத்து இருக்கிறது. வீட்டுப் பத்திரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் மரபணு (ஜீன்) என்கிறோம். முழுப் பத்திரக் கட்டுக்கு ஜீனோம் என்று பெயர். மனிதரின் பத்திரக் கட்டில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன. பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி அதை எழுத்தெழுத்தாக வாசித்து 2003-இல் அந்தத் திட்டத்தை முடித்தார்கள். நம் நாட்டிலும் பல இன மக்களில் 10,000 பேரின் ஜீனோமை வாசிக்கும் திட்டம் 2020-இல் தொடங்கி, 2025 ஜனவரியில் அதன் விவரங்கள் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன. வெள்ளைக்காரர் பத்திரத்தைப் படித்து நம் வீட்டு வில்லங்கம் பார்க்க முடியாது அல்லவா? அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஒரு முக்கியமான சங்கதி. ஏறக்குறைய எல்லாப் பக்கங்களுக்கும் நம்மிடம் இரண்டு நகல் உண்டு. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. ஒரு நகலில் கரையான் அரித்திருந்தாலும், அதே பக்கத்தின் இன்னொரு நகல் நன்றாயிருந்தால் பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். அப்படிப்பட்டவர் திடமாகவே இருப்பார். வலை இழுப்பார், களை எடுப்பார். தன்னிடம் அரித்த நகல் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இவரை நோயின் தாங்கி என்கிறோம். இவர் நோயாளி அல்ல. நம்மில் எல்லாரிடமும் இப்படி அரித்த நகல்கள் சில இருக்கின்றன. உங்களிடமும் உண்டு, என்னிடமும் உண்டு.

கணவன் மனைவி இருவரிடமும் ஒரே பக்கம் அரித்திருந்தால்தான் தொல்லை. தாயம் ஆடும் சோழி இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று அப்பாவுடையது, ஒன்று அம்மாவுடையது. சோழி மலர்ந்தால் நல்ல நகல் பிள்ளைக்குப் போனது, கவிழ்ந்தால் அரித்த நகல் போனது. இரண்டையும் உருட்டுங்கள். இரண்டும் மலர்வதற்கு 4-இல் 1 வாய்ப்பு. ஒன்று மலர்ந்து ஒன்று கவிழ்வதற்கு 4-இல் 2. அந்தப் பிள்ளை பெற்றோரைப் போலத் தாங்கியாக, நலமாக இருக்கும். இரண்டும் கவிழ்வதற்கு 4-இல் 1. அந்தப் பிள்ளைக்குத்தான் நோய் வரும்.

"முதல் புள்ளைக்கு வந்துடுச்சு, அப்ப அடுத்த மூணுக்கும் வராதில்ல?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். போன ஆட்டம் எப்படி விழுந்தது என்று சோழிக்கு ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாகத்தான் உருட்டுகிறோம். ஒவ்வொரு தடவையும் 4-இல் 1.

சொந்தத்தில் மணம்

அக்காள் மகளைக் கட்டுவதும், அத்தை மகள், மாமன் மகளைக் கட்டுவதும் நம்மிடம் நெடுநாள் வழக்கம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இரத்த உறவுக்குள் மணந்தவர்கள். உறவு விட்டுப் போகக் கூடாது, பெண் கண்ணுக்கெதிரே இருக்க வேண்டும் என்ற ஆசையில் செய்வது. அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் பத்திரக் கணக்கைப் பாருங்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் ஒரே பாட்டி தாத்தா வீட்டுப் பத்திரத்திலிருந்து நகல் எடுத்தவர்கள். பாட்டியின் பத்திரத்தில் ஓரிடம் அரித்திருந்தால், இருவர் நகலிலும் அதே இடம் அரித்திருக்கக் கூடும். அசலூர்ப் பெண்ணின் பத்திரத்திலும் அரிப்பு இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் வேறு பக்கத்தில் இருக்கும். வித்தியாசம் இவ்வளவுதான்.

இதனால் ஏற்படும் அபாயம் எவ்வளவு? உறவில்லாதவர் மணந்தால் 100 குழந்தைகளில் 2, 3 பேர் குறிப்பிடத்தக்க பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் மணந்தால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. மாமன், அக்காள் மகள் மணத்தில் இன்னும் கூடும். அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. இனிமேல் கல்யாணம் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஏற்கனவே மணந்தவர்கள் பயந்து நடுங்க வேண்டாம். கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம், "நாங்க சொந்தம், இவர் எனக்குத் தாய்மாமன்" என்று சொல்லிவிட வேண்டும். இதை மறைக்கிற தாய்மார்கள் அநேகம். நர்ஸம்மா திட்டுவாரோ என்று பயம். திட்டினால் திட்டட்டும், சொல்லிவிடுங்கள்.

மருமகளைக் குற்றம் சொல்கிற மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு சோழியும் கவிழ்ந்தால்தான் நோய் என்று பார்த்தோம். அதில் ஒரு சோழி உங்கள் மகனுடையது.

இரத்தத்தை முதலில் பாருங்கள்

இந்த வகையில் நம் நாட்டில் அதிகம் கஷ்டம் கொடுப்பது தலசீமியா என்ற இரத்த நோய். இந்தியாவில் சராசரியாக 100 பேரில் 3, 4 பேர் இதன் தாங்கிகள். சில சமூகங்களில் கூடவும், சிலவற்றில் குறையவும் இருக்கும். இதன் தம்பி போன்ற இன்னொரு நோய் அரிவாள் செல் சோகை. 1952-இலேயே நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். இதை ஒழிப்பதற்கென 2023 ஜூலையில் தேசிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது.

தலசீமியா முற்றிய குழந்தை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் வெளுக்கும், சோர்ந்து போகும், வயிறு உப்பும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு தரம் இரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுதும். ஏற்றிய இரத்தத்திலுள்ள இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் தங்கிக் கெடுக்கும். அதை வெளியேற்றத் தினமும் தனி மருந்து சாப்பிட வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, இரத்தம் கொடுக்க ஆள் தேடும் பெற்றோரைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோர் இருவரும் தாங்கிகளா என்று அறிய ஓர் இரத்தப் பரிசோதனை போதும். எச்.பி.எல்.சி. என்பார்கள். ஒழுங்காகச் சத்து மாத்திரை சாப்பிட்டும் ஒரு பெண்ணுக்கு இரத்தச் சோகை தீரவில்லை என்றால், இந்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். (அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.) மனைவிக்குத் தாங்கி என்று வந்தால் உடனே கணவனும் இரத்தம் கொடுக்க வேண்டும். இங்கேதான் ஆண்கள் நழுவுகிறார்கள். "எனக்கு என்னா, நான் கல்லு மாதிரி கீறேன்" என்பார்கள். தாங்கிகள் எல்லாரும் கல்லு மாதிரிதான் இருப்பார்கள் என்று முன்பே சொன்னேன்.

இருவரும் தாங்கிகள் என்றால், கர்ப்பமான 10 முதல் 12 வாரத்துக்குள் நச்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்து, சிசுவுக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்லிவிட முடியும். பதிவு பெற்ற மையத்தில் நோயறிவதற்காக இதைச் செய்வது சட்டப்படி சரியானது. ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முடிவு வந்த பின் என்ன செய்வது என்பதைத் தம்பதிகள்தாம், மருத்துவரோடு கலந்து, தீர்மானிக்க வேண்டும். நாள் தள்ளினால் தீர்மானிக்கும் வாய்ப்பே குறைந்துவிடும். ஆகவே நாள் தள்ளிப்போனதும் மாதம் கடத்தாமல் பதிவு செய்யுங்கள்.

குருத்தணு என்பது என்ன?

இனி ஸ்டெம் செல்லுக்கு வருவோம். தமிழில் குருத்தணு எனலாம். வயலில் எல்லா நெல்லையும் நாம் சாப்பிட்டுவிடுவதில்லை, விதைநெல் என்று ஒதுக்கி வைக்கிறோம். அதுபோல, உடலில் தேய்ந்து போகிற உயிரணுக்களுக்குப் பதில் புதிது உண்டாக்க ஒதுக்கி வைத்த அணுக்கள் இவை. நம் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள்தான் உயிரோடு இருக்கும். அப்படியானால் புது இரத்தம் எங்கிருந்து வருகிறது? எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையே நாற்றங்கால். அங்கேயுள்ள குருத்தணுக்கள் ஓயாமல் புது இரத்தத்தை முளைக்க விடுகின்றன.

ஆனால் நெல் விதைத்தால் நெல்தான் வரும், சவுக்கு முளைக்காது. மஜ்ஜைக் குருத்தணுவுக்குத் தெரிந்த வேலை இரத்தம் உண்டாக்குவது. அதை எடுத்து முதுகில் குத்தினால் மூளையாக மாறாது, நரம்பாக மாறாது. கரு உருவாகும் ஆரம்ப நாள்களில் எதுவாகவும் மாறக்கூடிய குருத்தணுக்கள் உண்டு. அவற்றைக் கட்டுக்குள் வைத்துச் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் வழிகளை உலகமெங்கும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இரத்த நோய்க்குக் குருத்தணு சிகிச்சை உண்டு, அது மெய்யானது. கெட்டுப்போன நாற்றங்காலை அழித்து, பொருத்தமான வேறொருவரின் நல்ல விதையைத் தூவுவது. இதுவே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை. இந்தியாவில் முதன்முதலாக 1983-இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்தது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் தலசீமியா குழந்தைக்குச் செய்தார்கள். பிறகு அங்கே நூற்றுக்கணக்கான தலசீமியா குழந்தைகளுக்குச் செய்திருக்கிறார்கள். உடன்பிறந்த ஒருவர் முழுதும் பொருந்துவதற்கு 4-இல் 1 வாய்ப்பு. மறுபடியும் அதே சோழிதான், இந்த முறை நல்லதற்கு.

இதற்குப் பல லட்சம் ஆகும். ஆனால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு இடம் உண்டு. தலசீமியா குழந்தைகளுக்கென்றே கோல் இந்தியா நிறுவனம் 2017-இல் தொடங்கிய திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி, தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகள் மூலம், கிடைக்கிறது. வேலூரும் அந்த மருத்துவமனைகளில் ஒன்று. நிலத்தை விற்பதற்கு முன் இவற்றை விசாரியுங்கள்.

வேலூரில் நடந்த இன்னொரு காரியம்

மஜ்ஜை மாற்றில் பிறர் விதை வேண்டும். பொருந்தவில்லை என்றால் என்ன செய்வது? நோயாளியின் சொந்த விதையையே எடுத்து, அதில் அரித்த பக்கத்துக்கு ஒரு நல்ல நகலை ஒட்டித் திருப்பி விதைத்தால் என்ன? இதற்குத்தான் மரபணு சிகிச்சை என்று பெயர். 1990 செப்டம்பரில் அமெரிக்காவில் 4 வயதுச் சிறுமி ஒருத்திக்கு முதன்முதலில் இதைப் போன்ற சிகிச்சை தரப்பட்டது. 1999-இல் அதே நாட்டில் 18 வயது இளைஞர் ஒருவர் இத்தகைய சோதனையின்போது இறந்தும் போனார். அதற்குப் பின் பல ஆண்டுகள் எச்சரிக்கையோடு மெதுவாக நடந்தார்கள்.

ஹீமோபிலியா என்று ஒரு நோய். அடிபட்டால் இரத்தம் உறையாது. மூட்டுக்குள் கசிந்து கசிந்து முழங்கால் மடங்கிப் போகும். இது சொந்தத்தில் மணந்ததால் வருவதல்ல. இந்தப் பக்கத்துக்கு ஆண்பிள்ளையிடம் ஒரே நகல்தான் உண்டு, அது தாயிடமிருந்து வருவது. ஆகவே தாய் தாங்கியாக இருப்பாள், நோய் பெரும்பாலும் மகனுக்கு வரும். மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் முன்பு யாருக்கும் வந்ததாகவே இராது. தாய் என்ன பாவம் செய்தாள் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

வேலூரில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையில் மருத்துவர்கள், கடுமையான ஹீமோபிலியா உள்ள 5 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவரவர் இரத்தக் குருத்தணுவைப் பிரித்தெடுத்தார்கள். நோய் உண்டாக்க முடியாதபடி பல் பிடுங்கிய ஒரு வைரஸின் முதுகில் நல்ல மரபணுவை ஏற்றி, அந்தக் குருத்தணுவுக்குள் அனுப்பினார்கள். பழைய நாற்றங்காலுக்கு இடம் ஒதுக்க வீரியமான மருந்து கொடுத்து, பிறகு திருத்திய விதையை இரத்தக் குழாய் வழியே திருப்பி ஏற்றினார்கள். 5 பேருக்கும், எல்லார் நாள்களையும் கூட்டினால் 81 மாதங்கள் கவனித்ததில், இரத்தக் கசிவே ஏற்படவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் பெரிய மருத்துவ இதழில் இது வெளியானது. செங்கல்பட்டிலிருந்து ரெயிலேறிப் போய்வரக்கூடிய ஊரில் உலகம் கவனிக்கும் காரியம் நடந்திருக்கிறது.

ஆனால் கவனியுங்கள். ஐந்தே பேர். இது சோதனை, கடையில் வாங்கும் மருந்தாக இன்னும் வரவில்லை. வெளிநாட்டில் தலசீமியாவுக்கும் அரிவாள் செல் சோகைக்கும் மரபணு திருத்தும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனிலும், அதையடுத்து அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நம் பணத்தில் 18 கோடிக்கு மேல். அதனால்தான் நம் நாட்டிலேயே செய்து பழகுவது முக்கியம் என்கிறேன்.

ஊசி வியாபாரம்

இந்த நல்ல செய்திகளின் நிழலில் ஒரு வியாபாரம் வளர்ந்திருக்கிறது. நம் முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், பல்வகை ஊனமுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் நடக்கிறது. மூளைவாதம், ஆட்டிசம், கண்ணும் காதும் சேர்ந்த குறைபாடு என்று பல ஊர்ப் பிள்ளைகள் அங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். படகுத்துறைக்கு வரும் கூட்டத்தைப் பார்க்கும் நாம், இந்தக் கூட்டத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரைத்தான் ஊசி வியாபாரிகள் தேடுகிறார்கள்.

நம் கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு தம்பதி. பிரசவத்தின்போது மூச்சுத் திணறிப் பிறந்த மகனுக்கு மூளைவாதம். இரண்டு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை. நகரத்திலுள்ள ஒரு தனியார் கிளினிக்கில் குருத்தணு ஊசி மூன்று போட்டால் நடப்பான் என்றார்களாம். "அஞ்சு பவுனையும் வித்தோம் சார், மாமா படகுல இருந்த பங்கையும் குடுத்துட்டாரு. மொத ஊசி போட்டப்ப சிரிச்சான், கை நீட்டுனான். சரியாய்டுச்சுன்னே நெனச்சோம். மூணாவது ஊசிக்கு அப்புறம் கேட்டா இன்னும் மூணு போடணும்ன்றாங்க" என்றாள் அந்தத் தாய். ஊசிக்காக அலைந்த எட்டு மாதமும் பிள்ளையைப் பயிற்சிக்கே கொண்டுபோகவில்லை. சிரிப்பதும் கை நீட்டுவதும் அந்த வயதில் மெல்ல மெல்லத் தானாக வரக்கூடியவை. ஊசியின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் குருத்தணு பற்றிய தேசிய வழிகாட்டி நெறிகளை வெளியிட்டிருக்கிறது. இரத்தக் குருத்தணு மாற்று எந்தெந்த நோய்களுக்கு ஏற்றது என்று அதில் பட்டியல் உண்டு. மூளைவாதமும் ஆட்டிசமும் தசைச்சிதைவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆட்டிசத்துக்குக் குருத்தணு சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022 டிசம்பரில் அறிவித்தது.

அப்படியானால் எது ஆராய்ச்சி, எது வியாபாரம் என்று எப்படிக் கண்டுகொள்வது? எளிய வழி ஒன்று சொல்கிறேன், இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள். குருத்தணு ஆராய்ச்சியில் சேரும் நோயாளியிடம் சோதனைச் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. ஆகவே "இது புது ஆராய்ச்சி" என்று சொல்லிக்கொண்டே ரசீதுப் புத்தகத்தை எடுத்தால், எழுந்து வந்துவிடுங்கள். "ஆராய்ச்சி இல்லை, நிச்சய சிகிச்சை" என்று சொன்னால், எந்த அனுமதியின் பேரில் என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையான ஆராய்ச்சி எல்லாம் மத்திய அரசின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண் பெற்றிருக்கும். 2009 முதல் அது கட்டாயம். எண்ணைக் கேட்டு வாங்கி வாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

பிள்ளைக்கு வளர்ச்சி தாமதம் என்று சந்தேகம் வந்த அன்றே பயிற்சியைத் தொடங்க வேண்டும். முதல் மூன்று வருஷம் பொன்னான காலம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவினரிடம் காட்டுங்கள். முட்டுக்காட்டு நிறுவனம் நமக்குக் கூப்பிடு தூரம். உடற்பயிற்சி கண்ணுக்குத் தெரிந்து பளிச்சென்று பலன் காட்டாது. கரையில் மணல் சேர்கிற மாதிரிதான் சேரும்.

தொப்புள்கொடி வங்கி

கடைசியாகத் தொப்புள்கொடி. பிரசவத்துக்குப் பின் கொடியிலும் நச்சுக்கொடியிலும் தங்கும் இரத்தத்தில் குருத்தணுக்கள் உண்டு என்பது மெய். அதை உறைநிலையில் வைத்துக் காக்கிறோம், பிற்காலத்தில் பிள்ளைக்கு எந்த நோய் வந்தாலும் உதவும் என்று தனியார் வங்கிகள் ஐம்பதாயிரம், அதற்கு மேலும் கேட்கின்றன. மாதத் தவணையும் உண்டாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் அரசு உங்கள் சாப்பாட்டுக்காகத் தரும் மொத்த உதவியே 18,000 ரூபாய்.

யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்குத் தலசீமியா வந்தால், அதன் கொடி இரத்தத்திலும் அதே அரித்த பத்திரம்தானே இருக்கும்? அரித்த பத்திரத்துக்கு அரித்த பத்திரத்தையே நகலாக வைத்து என்ன பயன்? பிள்ளையின் சொந்த உபயோகத்துக்காகக் கொடி இரத்தத்தைச் சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்லியிருக்கிறது. ஒரு விலக்கு உண்டு. வீட்டில் மூத்த பிள்ளைக்கு ஏற்கனவே தலசீமியா போன்ற நோய் இருந்து, அடுத்த பிள்ளை பிறக்கப் போகிறது என்றால், இளையதின் கொடி இரத்தம் மூத்ததற்கு உதவக் கூடும். அப்போது பிரசவத்துக்கு முன்பே மூத்த பிள்ளையைப் பார்க்கும் இரத்த நோய் மருத்துவரைக் கலந்து ஏற்பாடு செய்ய வேண்டும்.

"நம்ம முன்னோர் தொப்புள்கொடியைத் தாயத்துல போட்டுக் கட்டுனாங்களே, அது ஸ்டெம் செல்லுக்குத்தானாமே" என்று செல்போனில் வந்த செய்தியைக் காட்டுகிறார்கள். தாயத்து கட்டுவது உங்கள் பிரியம், கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் உலர்ந்த கொடியில் உயிருள்ள அணு ஏது? கருவாட்டைக் கடலில் விட்டால் நீந்துமா?

கொடி இரத்தத்தைச் சேமிக்க இதைவிட நல்ல வங்கி ஒன்று இருக்கிறது. அது உங்கள் பிள்ளையின் உடம்பேதான். பிள்ளை பிறந்தவுடன் கொடியைக் கட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்துக் கட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தச் சில நிமிடத்தில் ஏறத்தாழ 80 முதல் 100 மில்லி இரத்தம் பிள்ளைக்குள் போகிறது. பிறந்த குழந்தையின் மொத்த இரத்தமே கால் லிட்டர் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதிலுள்ள இரும்புச் சத்து மாதக்கணக்கில் பிள்ளையைச் சோகையிலிருந்து காக்கும். காசு கிடையாது, கையெழுத்து கிடையாது. பிள்ளை மூச்சு விடத் திணறினால் மட்டும் உடனே கொடியை வெட்டி எடுத்துப் போவார்கள். அது மருத்துவர் முடிவு. வெட்டிய கொடியில் சாம்பலோ சாணியோ வைக்காதீர்கள் என்று இன்றைக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பரிசோதனைக்கு வரும்போது

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். தாய்சேய் நல அட்டை, காப்பீட்டுத் திட்ட அட்டை, பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் இருந்தால் கொண்டு வாருங்கள். இரு வீட்டிலும் சிறு வயதில் இறந்த பிள்ளைகள், காது கேளாதவர், அடிக்கடி இரத்தம் ஏற்றியவர், நடக்க முடியாமல் போனவர் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாருங்கள். பாட்டிமார்களுக்கு இந்த விவரமெல்லாம் விரல் நுனியில் இருக்கும். அங்கிருந்து தேவைக்கேற்ப செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தருவார்கள். வர இயலாவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது 104 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ஏற்கனவே குருத்தணு ஊசி போட்டுவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். ரசீது, கையெழுத்திட்ட தாள், ஊசி மருந்தின் பெயர் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள். என்ன ஏற்றினார்கள், எங்கே ஏற்றினார்கள் என்பதைப் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். காய்ச்சல், வலிப்பு, முதுகில் வீக்கம் இருந்தால் அன்றே கொண்டு வாருங்கள். ஏமாற்றப்பட்டதாகக் கருதினால், மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.